வெரிஃபிகேஷன் மெயில் வரவில்லையா? பல வருட அனுபவத்தில் பலித்தவையும் பலிக்காதவையும்

புதுக் கணக்கு தொடங்குகிறோம். "உங்கள் மெயிலுக்கு லிங்க் அனுப்பியிருக்கிறோம்" என்று திரையில் வருகிறது. மெயில்தான் வரவில்லை. உடனே எல்லோர் கையும் போவது 'மீண்டும் அனுப்பு' பொத்தானுக்கு. பல வருடங்களாக எனக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் நண்பர்களுக்கும் கணக்கு தொடங்கிக் கொடுத்து வருகிறேன். பார்த்தவரையில் பாதிச் சிக்கல் அந்தப் பொத்தானால்தான் வருகிறது. மெயில் எங்கே நின்றுபோனது என்று தெரிந்துகொண்டு அழுத்தினால் ஒரு தடவை போதும்; தெரியாமல் எத்தனை தடவை அழுத்தினாலும் வீண்.

காரணம் இதுதான். சில தளங்கள் லிங்குக்குப் பதிலாக, திரையில் போடச் சொல்லி ஒரு 'கோடு' (உறுதி செய்யும் எண்) அனுப்பும். பெரும்பாலான தளங்களில் புதுக் கோடு கிளம்பியதுமே பழைய கோடு செத்துவிடும். பொறுமையில்லாமல் நாலு தடவை அழுத்தினால், தாமதமாக நாலு மெயிலும் சேர்ந்து வரும். அனுப்பிய வரிசையிலேயே வரும் என்றும் சொல்ல முடியாது. ஜிமெயில் ஒரே தலைப்புள்ள மெயில்களை ஒரே உரையாடலாகக் கட்டிவிடுவதால் இன்பாக்ஸில் தெரிவது ஒரு வரிதான், அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக 4 என்ற எண்ணோடு. அதைத் திறந்தால் பழையவை மேலே மடங்கியிருக்கும், புதியது அடியில் இருக்கும். முன்பு வந்த வாசகமே திரும்ப வந்தால் ஜிமெயில் அதைச் சில சமயம் மூன்று புள்ளிக்குள் மறைத்தும் விடும். அந்தப் புள்ளிகளைத் தொட்டால்தான் உள்ளே இருப்பது தெரியும். அவசரத்தில் கண்ணில் முதலில் படும் கோடைப் போட்டு, "தவறான கோடு" என்று வந்ததும் மறுபடி பொத்தானுக்கே போகிறார்கள். போதாததற்கு, அடுத்தடுத்து கேட்டால் பல தளங்கள் கொஞ்ச நேரத்துக்கு அனுப்புவதையே நிறுத்திவிடும். இந்த நிலைக்கு வந்தபின் என்னிடம் யாராவது போனை நீட்டினால் நான் முதலில் சொல்வது, "கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் வையுங்கள்" என்பதைத்தான். அப்புறம் ஒரே ஒரு முறை கேட்டு, கடைசியாக வந்த மெயிலின் கோடைப் போட்டால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

சரி, மெயிலே வரவில்லை என்றால்? முதலில் மெயில் ஐடியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். 'அனுப்பியிருக்கிறோம்' என்று சொல்லும் திரையிலேயே அது இருக்கும். 'காம்' என்பது 'கான்' ஆகியிருக்கும், அல்லது 'ஜிமெயில்' என்பதில் இரண்டு எழுத்து இடம் மாறியிருக்கும். எல்லாவற்றையும்விட அதிகம் நான் பார்ப்பது, பிரவுசர் தானாக நிரப்பிய பழைய ஐடி. எப்போதோ கைவிட்ட அலுவலக மெயில் அங்கே உட்கார்ந்திருக்கும். ஜிமெயிலில் புள்ளி விட்டுப்போவதால் மெயில் வராமல் போகாது, ஏனென்றால் ஜிமெயில் ஐடியில் இருக்கும் புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் கணக்கு தொடங்கும் தளம் அப்படிப் பார்க்காமல் போகலாம். இன்று புள்ளியோடு பதிந்துவிட்டு நாளை புள்ளியில்லாமல் உள்ளே போகப் பார்த்தால், "இப்படி ஒரு கணக்கே இல்லை" என்று சொல்லும்.

ஸ்பேமைப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நாமும் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்போம். பலருக்குத் தெரியாத விஷயம், ஜிமெயிலின் சாதாரணத் தேடல் ஸ்பேமையும் குப்பையையும் தொடாது என்பது. தேடல் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் மேம்பட்ட தேடலைத் திறந்து, எல்லா இடத்திலும் தேடும்படி மாற்றித் தளத்தின் பெயரைப் போடுங்கள். 2013-இல் வந்த ப்ரமோஷன்ஸ், அப்டேட்ஸ் போன்ற தாவல்களுக்குள் போய் ஒளிந்திருந்தாலும் இதில் அகப்பட்டுவிடும். ஸ்பேமில் கிடைத்தால் அங்கேயே லிங்கை அழுத்தாமல் முதலில் இன்பாக்ஸுக்கு மாற்றுங்கள். சில மெயில் சேவைகளில் ஸ்பேமுக்குள் இருக்கும்வரை லிங்க் வேலை செய்யாது.

அடுத்தது, மெயில் வருகிறது, ஆனால் காலாவதியான பிறகு வருகிறது. இதற்குக் காரணம் புரியாமல் ரொம்ப நாள் தேடியிருக்கிறேன். சில மெயில் சர்வர்கள் 'கிரேலிஸ்டிங்' என்ற முறையைப் பின்பற்றுகின்றன. எவான் ஹாரிஸ் என்பவர் 2003-இல் முன்வைத்த யோசனை இது. முன்பின் தெரியாத சர்வரிலிருந்து மெயில் வந்தால், "இப்போது முடியாது, பிறகு வா" என்று தற்காலிகமாகத் திருப்பி அனுப்பிவிடும். ஒழுங்கான சர்வர் என்றால் மறுபடி வரும், ஸ்பேம் அனுப்புகிறவர்கள் திரும்ப முயற்சி செய்வதில்லை என்பதே இதன் கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் மெயில் அனுப்புவதற்கான விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 5321, மறுமுயற்சிக்கு முன் பொதுவாகக் குறைந்தது 30 நிமிடம் விடச் சொல்கிறது. கோடின் ஆயுள் 10 நிமிடம்தான் என்றால் அது செத்துத்தான் வந்து சேரும். அலுவலகம், கல்லூரி, சொந்த டொமைன் (தனக்கென்று பதிந்துகொண்ட இணையப் பெயர்) ஐடிகளில் இந்தத் தொல்லையைப் பார்த்திருக்கிறேன். தீர்வு சுலபம்: காலாவதியான அந்த முதல் மெயில் வந்து சேரும்வரை காத்திருங்கள். அது வந்துவிட்டால் அனுப்பும் சர்வர் உங்கள் சர்வருக்கு அறிமுகம் ஆகிவிட்டது என்று அர்த்தம். இப்போது 'மீண்டும் அனுப்பு' என்று ஒரு முறை அழுத்தினால் பெரும்பாலும் நிமிடத்தில் வந்துவிடும். அந்தப் பொத்தானை நான் மனதார அழுத்தச் சொல்லும் இடம் இது.

மெயில் பெட்டி நிறைந்துபோவது இன்னொரு காரணம். ஜிமெயிலின் இலவச 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் கிடையாது, டிரைவும் போட்டோஸும் அதையே பங்கு போடுகின்றன. மெயில் அதிகம் வராத ஆளுக்குக்கூடப் போட்டோவால் இடம் தீர்ந்து, புது மெயில் உள்ளே வராமல் போகும். அதைவிட மோசம், இடத்தைக் காலி செய்த பிறகும் ஒரு தளத்திலிருந்து மட்டும் வராமல் இருப்பது. என் உறவினர் ஒருவருக்கு அப்படி ஆனது. மற்ற எல்லா மெயிலும் வந்தது, அந்தத் தளத்தின் மெயில் மட்டும் வரவேயில்லை. தளங்கள் தாமே மெயில் அனுப்புவது குறைவு. அதற்கென்று இருக்கும் சேவைகள் மூலம் அனுப்புகின்றன. ஓர் ஐடியிலிருந்து மெயில் திரும்பி வந்துவிட்டால் (இதை 'பவுன்ஸ்' என்பார்கள்) அந்தச் சேவை அந்த ஐடியைத் தடைப்பட்டியலில் ('சப்ரெஷன்' பட்டியல்) போட்டுவிடலாம். பிறகு நீங்கள் எத்தனை முறை கேட்டாலும் தளம் "அனுப்பிவிட்டோம்" என்றே சொல்லும். உண்மையில் மெயில் கிளம்பியே இருக்காது.

இதை நம் பக்கத்திலிருந்து சரிசெய்ய வழியே இல்லை, உதவி மையத்துக்கு எழுதத்தான் வேண்டும். "மெயில் வரவில்லை" என்று மட்டும் எழுதினால் "ஸ்பேமைப் பாருங்கள்" என்றுதான் பதில் வரும். அந்தத் தளமும் முதலில் அதைத்தான் சொன்னது. எந்த ஐடி, எந்தத் தேதி எத்தனை மணிக்குக் கேட்டீர்கள், எந்த நேர மண்டலம், மற்ற தளங்களின் மெயில் வருகிறது என்ற விவரம், இவற்றோடு "என் ஐடி உங்கள் பவுன்ஸ் அல்லது சப்ரெஷன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்" என்ற வரியைச் சேர்த்து எழுதினேன். அந்த வரி போனபிறகுதான் விஷயம் தெரிந்தவர் கைக்குக் கடிதம் போனது. பட்டியலிலிருந்து எடுத்தார்கள், மெயில் வந்தது.

மெயில் வந்து, லிங்கை முதல் தடவை தொட்டதுமே "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று வந்தால் குழம்ப வேண்டாம். அலுவலக மெயிலில் இருக்கும் பாதுகாப்பு மென்பொருள் வரும் லிங்கைத் தானே ஒருமுறை திறந்து பார்க்கும். ஒரே முறை செல்லும் லிங்க் அதிலேயே தீர்ந்துபோகும். கோடு கேட்கும் வழி இருந்தால் அதையே எடுங்கள். எனக்கு எப்போதும் லிங்கைவிடக் கோடுதான் பிடிக்கும். போனில் மெயில் ஆப்புக்குள்ளேயே திறக்கும் பிரவுசரும் தொல்லை தரும், ஏனென்றால் நீங்கள் பதிவு செய்த பிரவுசர் வேறு. லிங்கை அழுத்திப் பிடித்து, நகலெடுத்து, பதிவு தொடங்கிய அதே பிரவுசரில் ஒட்டுங்கள்.

பிரவுசர் சேர்த்துவைக்கும் கேஷை அழி, குக்கியை அழி என்ற அறிவுரையால் எனக்கு ஒரு மெயில்கூட வந்ததில்லை. பொத்தானே வேலை செய்யாமல் பக்கம் உறைந்து நின்றால் மட்டும் அது உதவும். தற்காலிக மெயில் ஐடிகளையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். பல தளங்கள் வாசலிலேயே மறுக்கின்றன. ஏற்றுக்கொண்டாலும், பின்னால் பாஸ்வேர்ட் மறந்தால் திரும்பப் பெற வழியில்லை. ஜிமெயில் ஐடியில் கூட்டல் குறி போட்டு ஒரு சொல்லைச் சேர்க்கும் வசதி அருமையானது, எந்தத் தளம் நம் ஐடியை வெளியே விட்டது என்று கண்டுபிடித்துவிடலாம். சில படிவங்கள் மட்டும் கூட்டல் குறியைப் பிழை என்று தள்ளும். ஒரு ஐடியிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டை இப்போது பதிவுகளுக்கு நான் நம்புவதில்லை. டொமைனுக்காக யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் சோதனை, நடுவில் வேறு சர்வர் வந்ததும் தோற்றுவிடுகிறது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக மெயில் அனுப்புவோரிடம் இந்தச் சோதனைகளைக் கண்டிப்பாகக் கேட்கின்றன. கடைசியில் எங்கே படிக்கப்போகிறீர்களோ அந்த ஐடியையே நேராகக் கொடுங்கள். பதிவுகளுக்கென்றே தனியாக ஓர் ஐடி வைத்துக்கொண்டு, போட்டோ எதுவும் சேராமல் பார்த்துக்கொள்கிறேன். பல வருடமாக ஓடுகிற ஏற்பாடு இது, யாருக்கும் தயங்காமல் சொல்வேன்.

நீங்கள் கேட்காமலே வெரிஃபிகேஷன் மெயில் வந்தால் எதையும் அழுத்தாதீர்கள். யாரோ தெரிந்தோ தெரியாமலோ உங்கள் ஐடியைப் போட்டிருக்கிறார்கள். உறுதி செய்தால் அவர் திறந்த கணக்கு உங்கள் மெயிலோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கோடைச் சொல்லுங்கள் என்று யார் போன் செய்தாலும், எந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னாலும், கொடுக்காதீர்கள்.