போஸ்ட்கிரெஸ்ஸில் நீளமான தமிழ்க் குறிப்புகள்: சில ஆண்டு அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் ஆர்டர் கணக்கை சில ஆண்டுகளாக போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் வைத்துப் பார்த்துவருகிறேன். எடை, டச் (வெள்ளியின் தூய்மை), கூலி, தேதி எல்லாம் சின்னப் புலங்கள், தொல்லையே இல்லை. கவனிக்க வேண்டியது குறிப்புப் புலம்தான். சலங்கை எத்தனை, கொக்கியா திருகா, போன தடவை எது பிடிக்கவில்லை என்று வியாபாரி சொல்வதெல்லாம் அதில் தமிழில் சேர்ந்துகொண்டே போகும்.

போஸ்ட்கிரெஸ் தரவைப் பக்கம் பக்கமாகச் சேமிக்கும், ஒரு பக்கம் 8 கேபி. ஒரு வரிசை, அதாவது ஒரு ஆர்டரின் பதிவு, இரண்டு பக்கங்களில் பரவ முடியாது. அதனால் வரிசை சுமார் 2 கேபியைத் தாண்டினால் நீளமான புலத்தை முதலில் சுருக்கிப் பார்க்கும். அப்படியும் அடங்காவிட்டால் டோஸ்ட் என்ற தனி அட்டவணைக்குத் துண்டு துண்டாக அனுப்பிவிட்டு, வரிசையில் அது இருக்கும் இடத்தைக் காட்டும் 18 பைட் சுட்டியை மட்டும் வைக்கும்.

தமிழில் இந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் உயிர்மெய்யின் எழுத்துக்கு 3 பைட், அதன் குறிக்கு இன்னொரு 3 பைட். ‘கொலுசு’ என்று எழுதவே 18 பைட். நீளவரம்பு வைக்கக்கூடிய வார்சார் என்ற புல வகையில் வரம்பு வைத்தால் அதுவும் இதை 3 எழுத்து என்று எண்ணாது, 6 என்றுதான் எண்ணும். வார்சாருக்கும் வரம்பில்லாத டெக்ஸ்ட் வகைக்கும் சேமிப்பில் வித்தியாசம் இல்லை என்பதால் குறிப்புக்கு டெக்ஸ்ட்தான் என் தேர்வு.

எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. ஆர்டர் ‘பாலிஷ் முடிந்தது’ என்று மாறினால் போஸ்ட்கிரெஸ் அந்த வரிசையைப் புதிதாக எழுதும். ஆனால் டோஸ்ட்டில் இருக்கும் குறிப்பு மாறவில்லை என்றால் அதைத் தொடாது, சுட்டி மட்டும் போகும். ஒரு நாளில் பலமுறை நிலை மாறும் பட்டறைக்கு இது பெரிய உதவி.

பட்டியல் திரைக்கு மட்டும் எல்லாப் புலங்களையும் கேட்கும் செலக்ட் ஸ்டார் போடவே கூடாது. யாரும் படிக்காத குறிப்பையும் அது எடுத்துவந்து விரிக்கும். தேவையான புலங்களை மட்டும் கேட்டால் டோஸ்ட் பக்கமே போகாது. குறிப்புக்குள் சொல் தேடுவது வேறு கதை, ஒவ்வொன்றையும் விரித்தாக வேண்டும். அதற்குத் தனி இன்டெக்ஸ் (தேடலுக்கான அகரவரிசை போன்ற பட்டியல்) போடுங்கள்.

அப்புறம், 2021ல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து எல்இசட்4 என்ற இன்னொரு சுருக்க முறையும் உண்டு. மாற்றினால் புதிதாக எழுதுபவைக்குத்தான் பொருந்தும். பழைய குறிப்புகள் பழைய சுருக்கத்திலேயே இருக்கும், படிப்பதில் சிக்கல் வராது.