வடசென்னையில் எந்த ஆப்பை நம்பிக் கிளம்பலாம்?

கூகுள் மேப்ஸா, சென்னை ஒன்னா, வேர் இஸ் மை ட்ரெயினா? பதில் நீங்கள் எந்தப் பேட்டையில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திருவொற்றியூரில் மெட்ரோ, புறநகர் ரயில், பஸ் மூன்றும் உண்டு. எண்ணூருக்கு மெட்ரோ கிடையாது. நீல வழித்தடம் விம்கோ நகர் டிப்போவோடு முடிகிறது. மணலிக்கு பஸ்தான்.

மெட்ரோவுக்கு எந்த ஆப்பில் பார்த்தாலும் ஒன்றுதான். வண்டி அடிக்கடி வருகிறது, வழி தவற வாய்ப்பில்லை.

பஸ்ஸில்தான் ஆப்களின் வித்தியாசம் தெரியும். கூகுள் மேப்ஸ் காட்டும் நேரம் பல சமயம் வெறும் அட்டவணை நேரம். பச்சை எழுத்தில் இருந்தால் நேரலைத் தகவல். கறுப்பில் இருந்தால் அந்த பஸ் டிப்போவை விட்டுக் கிளம்பியதா என்றே அதற்குத் தெரியாது. போக்குவரத்துக் குழுமமான கும்டா 2025 செப்டம்பரில் கொண்டுவந்த சென்னை ஒன் ஆப்பில் பஸ் வரைபடத்தில் நகர்வதைப் பார்க்கலாம். ஆனால் அந்தப் புள்ளி, பஸ்ஸில் உள்ள ஜிபிஎஸ் கருவி கடைசியாக அனுப்பிய இடம். இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நின்றால் சிக்னல் விட்டுப்போயிருக்கலாம், அல்லது எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நிஜமாகவே நின்றிருக்கலாம். பக்கத்தில் வரும் இன்னொரு பஸ்ஸின் புள்ளியையும் பாருங்கள். அதுவும் அதே இடத்தில் முடங்கியிருந்தால் நெரிசல்தான்.

பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண பஸ்களில் மட்டும்தான். 29சி என்று எண்ணை மட்டும் பார்த்து ஏறாமல், எந்த வகை பஸ் என்று போர்டைப் பார்த்து ஏறுங்கள். சாதாரணக் கட்டண பஸ்ஸுக்குப் பெண்கள் ஆப்பில் டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. கண்டக்டரிடம் கட்டணமில்லாச் சீட்டை வாங்கினால் போதும்.

கும்மிடிப்பூண்டி வழித்தட ரயிலுக்கு வேர் இஸ் மை ட்ரெயின் போல வேறொன்று இல்லை என்பது எங்கள் கருத்து. விஜயவாடா பக்கம் போகும் விரைவு ரயில்களும் அத்திப்பட்டு, எண்ணூர் பக்கத்துச் சரக்கு ரயில்களும் இதே வழியில் ஓடுவதால் லோக்கல் தாமதமாவது வழக்கம். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் இந்த ஆப் செல்போன் டவரை வைத்து வண்டி எங்கே போகிறது என்று சொல்லும். ஆனால் அந்த வசதி நீங்கள் ரயிலுக்குள் இருக்கும்போதுதான். பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு இன்டர்நெட் வேண்டும். இந்தத் தட லோக்கல்கள் கடற்கரையிலிருந்தும், சென்ட்ரலை ஒட்டிய புறநகர் ரயில் நிலையமான மூர் மார்க்கெட்டிலிருந்தும் கிளம்புகின்றன. சென்ட்ரல் என்று தேடி லோக்கல் ஒன்றும் வரவில்லையென்றால் மூர் மார்க்கெட் என்று தேடுங்கள்.

எல்லா ஆப்களும் சறுக்கும் இடம் பெயர்க் குழப்பம். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்ற பெயரில் மெட்ரோ நிலையமும் உண்டு, ரயில் நிலையமும் உண்டு. இரண்டும் வேறு வேறு இடம். வண்டி மாறும் வழியை ஆப் சொன்னால், நடக்கும் தூரம் எத்தனை மீட்டர் என்று பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டுக்கு சென்னை ஒன் வசதியானது. ரயில் மட்டும் போகிறவர்களுக்கும் சீசன் டிக்கெட் எடுப்பவர்களுக்கும் ரயில்வேயின் ரயில்ஒன் ஆப் பொருத்தம். ரயில்ஒன்னில் டிக்கெட்டை நிலையத்துக்குள் நுழையுமுன் எடுத்துவிட வேண்டும். ஜிபிஎஸ் உங்களைத் தண்டவாளத்துக்கு அருகில் கண்டால் காகிதமில்லா டிக்கெட் கிடைக்காது. உள்ளே வந்துவிட்டால் நிலையத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து எடுக்கலாம்.

மழை நாளில் பஸ் வழியைச் சொல்லும் எந்த ஆப்பையும் அப்படியே நம்பாதீர்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் பஸ்கள் சுற்றிப் போகும். ஆப்பில் பழைய வழியே காட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்குப் பெரம்பூர், வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையங்கள் பக்கம் இருப்பவர்கள் ரயிலைப் பிடித்து சென்ட்ரல் போய், அங்கிருந்து மாறிக்கொள்வதே நல்லது.