வைல்டு கார்டா, ரெஜெக்ஸா: தமிழ்ப் பட்டியலைச் சலிக்க எது தோது?

பாம்பன், மண்டபம், தொண்டி ஆகிய ஊர்களிலிருந்து வரும் படகுப் பதிவுகளை ஒரே பட்டியலாக்கி, அதிலிருந்து வேண்டிய வரிகளை மட்டும் பிரித்தெடுக்கும் பைத்தான் நிரலை ஒரு மீனவர் சங்கத்துக்காக எழுதியபோது, வைல்டு கார்டு (எந்த எழுத்துகளுக்கும் ஈடாக * போன்ற ஓரிரு குறிகளை இட்டுத் தேடும் எளிய முறை), ரெஜெக்ஸ் (பல சிறப்புக் குறிகளால் தேடல் வடிவத்தை நுணுக்கமாக எழுதும் முறை) ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வைல்டு கார்டைத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் அதுவே சரி என்று கருதுகிறேன்.

ஆற்றலில் ரெஜெக்ஸ் மேலானது என்பதில் ஐயமில்லை. ‘தொண்டி அல்லது சோளியக்குடி’ என்று ஒரே தேடல் வடிவத்தில் அதனிடம் கேட்கலாம். வைல்டு கார்டில் இரண்டு வடிவங்கள் எழுதி, விடைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேகத்தைப் பொறுத்தவரை, வைல்டு கார்டுத் தேடலுக்கான பைத்தானின் எஃப்என்மேட்ச் (fnmatch) தொகுதி அதை உள்ளுக்குள் ரெஜெக்ஸாகவே மாற்றிக்கொள்வதால், பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

என் முடிவுக்குக் காரணம் பராமரிப்புதான். தேடல் வடிவங்கள் நிரலுக்குள் இல்லாமல் தனிக் கோப்பில் இருக்கின்றன. அவற்றை அவ்வப்போது திருத்துபவர் சங்கத்தின் கணக்கரே தவிர, நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் அல்லர். ‘தொண்டி*’ என்றால் தொண்டியில் தொடங்கும் வரி, ‘*தொண்டி*’ என்றால் எங்கேனும் தொண்டி வரும் வரி என்று ஒருமுறை சொன்னாலே அவருக்குப் போதும். ரெஜெக்ஸிலோ புள்ளி எந்த எழுத்தையும் குறிக்கும். படகு உரிமையாளரின் தலைப்பெழுத்தான ‘மு.’ என்பதை, புள்ளிக்கு முன்னால் பின்சாய்கோடு (\) இடாமல் தேடினால், முருகனும் முனியசாமியும் சேர்ந்தே வந்துவிடுவார்கள். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது என்பதால், அந்தத் தவறு கண்ணில் படாமலே கணக்கில் தங்கிவிடும். பராமரிப்பவருக்கு இதைவிடப் பெரிய தொல்லை வேறில்லை.

தமிழ் எழுத்தாலும் ஒரு சிக்கல் சேர்கிறது. சொல்லுக்குள் வரும் எழுத்தைக் குறிக்கப் பைத்தானின் ரெஜெக்ஸில் உள்ள \w என்ற குறி, மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாகக் கொள்வதில்லை. ஆகவே ‘மண்டபம்’ என்பது ‘மண’, ‘டபம’ என்று உடைந்துபோகும். வைல்டு கார்டில் ஊர்ப்பெயரை அப்படியே எழுதுவதால் இதற்கு இடமில்லை. ஆயினும் அதன் கேள்விக்குறியைத் தமிழில் நம்ப வேண்டாம்: அது ஒரு யூனிகோடு குறியையே (கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகு) குறிக்கும், ‘பா’ என்பதோ ‘ப’வும் காலும் சேர்ந்த இரண்டு குறிகள்.

படகு எண்களில் வேறொரு கவனம் தேவை. எஃப்என்மேட்ச், ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் விண்டோஸில் ஒன்றாகவும் லினக்ஸில் வேறாகவும் பார்க்கிறது. ஒரே நிரல் இரு கணினிகளில் இரு விடை தராமலிருக்க, பட்டியல், வடிவம் இரண்டையும் முன்பே சிறிய எழுத்தாக்கிவிடுவது நல்லது.

‘தொண்டி’யில் உள்ள ‘தொ’வின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் பதிவாகலாம், தனித்தனிக் குறிகளாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே என்றாலும் எந்த முறையும் அவற்றைப் பொருத்தாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும், பட்டியலையும் வடிவத்தையும் முதலில் என்எஃப்சி (NFC) நிலைக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியாக்கும் யூனிகோடு நிலைக்கு, மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் பட்டியல் சிறியது. லட்சக்கணக்கான வரிகளும் நாள்தோறும் மாறும் வடிவங்களும் உள்ள இடத்தில் ரெஜெக்ஸே பொருத்தமாக இருக்கக்கூடும்.