மின்சாரக் காராக மாற்றிய மாருதி 800: இரண்டு வருடமாக ஓயாத 'டர்ர்ர்'

பேட்டரி செல் விலை இறங்கிவிட்டதே, பழைய பெட்ரோல் காரை இப்போது மின்சாரத்துக்கு மாற்றலாமா, என்னென்ன வாங்கணும் என்று நண்பர் கேட்டார். மோட்டார், பேட்டரி பற்றி எல்லாரும் கேட்பார்கள். பிரேக்குக்கு உதவும் வாக்குவம் பம்ப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல் 24, பழைய கியர்பாக்ஸ், கிளட்ச் அப்படியே. ஊருக்குள் ஒரு சார்ஜில் சுமார் 60 கி.மீ. ஓடுகிறது, குறையில்லை. ஒன்று மட்டும்: 24 செல் முழுச் சார்ஜில் 87.6 வோல்ட் வரும். '72 வோல்ட்' என்று ஒட்டியிருப்பதை நம்பாமல், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் 90 வோல்ட்டாவது தாங்குமா என்று பாருங்கள். ஃபியூஸ் டி.சி.க்கு உரியதாக இருக்கணும், வீட்டு ஏ.சி. மின்சாரத்துக்கான ஃபியூஸ் உருகினாலும் உள்ளே தீப்பொறி அணையாமல் போகலாம்.

இனி பம்ப். பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டர், எஞ்சின் உறிஞ்சும் வாக்குவத்தில் வேலை செய்கிறது; எஞ்சினைக் கழற்றினால் அது போச்சு. மிதி கல்லாகிவிடும். அதனால் 12 வோல்ட் பம்ப் கட்டாயம். எஞ்சின் சத்தமே இல்லாத வண்டியில், சிக்னலில் இரண்டு முறை மிதித்தால் போதும், மாவு மெஷின் மாதிரி 'டர்ர்ர்' என்று எழும்.

பம்பை எஞ்சின் அறைக்கும் நம் இருக்கைப் பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரில் மாட்டினால் தகரம் முழுக்க அதிரும். ரேடியேட்டர் இருந்த இடம் காலிதானே, அங்கே ரப்பர் புஷ் வைத்துத் தொங்கவிடுங்கள். கனமான 4 அங்குல பி.வி.சி. குழாயை 40 செ.மீ. வெட்டி இரு முனையும் மூடினால் வாக்குவத்தைச் சேமிக்க 3 லிட்டர் டேங்க் தயார். மெல்லிய பிளாஸ்டிக் கேன் சப்பிப்போகும். சாதா ஹோஸும் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும், பூஸ்டர் ஹோஸே வாங்குங்கள். டேங்க் வைத்தால் பம்ப் அடிக்கடி ஓடாது, ஆனால் ஓடும்போது நீளமாக ஓடும். மொத்தச் சத்தம் குறைவதாகத் தெரியவில்லை.

வாக்குவம் சுவிட்ச், வாக்குவம் 0.5 பாருக்கு (அழுத்த அலகு) இறங்கினால் பம்பை ஓடவிட்டு 0.7-இல் நிறுத்தணும். இரண்டுக்கும் இடைவெளி இல்லாத மலிவுச் சுவிட்சில், பம்புக்கு மின்சாரம் விடும் ரிலே படபடவென்று அடித்துக் கருகும். மிதிக்காமல் நிறுத்தி வைத்த வண்டியில் பத்து நிமிடத்துக்குள் பம்ப் தானாக ஓடினால் கசிவு: முதலில் கிளாம்ப், அடுத்து காற்றைத் திரும்ப விடாத செக் வால்வ், கடைசியில் பூஸ்டர்.

பம்புக்கு மின்சாரம் 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே வரணும். பெரிய பேட்டரி பேக்கிலிருந்து 12 வோல்ட் எடுத்துத் தரும் டி.சி.-டி.சி. கன்வெர்ட்டரை மட்டும் நம்பினால், செல்களைக் காக்கும் பி.எம்.எஸ். பேக்கைத் துண்டிக்கும் நொடியில் பம்பும் நிற்கும். வாக்குவம் 0.4-க்குக் கீழே போனால் டேஷ்போர்டில் விளக்கு எரிய இன்னொரு சுவிட்ச் போடுங்கள்.

ஏ.ஐ.எஸ்.-123 (மின்சாரத்துக்கு மாற்றும் கிட்டுக்கான இந்திய வாகனத் தரம்) ஒப்புதல் உள்ள கிட், ஆர்.சி.யில் பதிவு இரண்டும் இல்லாமல் ரோட்டில் இறக்காதீர்கள்.

நியாயமாகச் சொன்னால், வண்டியிலேயே ஒரு தடவைகூட ஏமாற்றாத பாகம் இந்தப் பம்ப்தான். இருந்தாலும் நண்பருக்கு என் பதில்: பூஸ்டர் இல்லாத பழைய வண்டியாகத் தேடுங்கள்.