போலியோ: சொட்டு மருந்தா, ஊசியா?

"சொட்டுதான் போட்டாச்சே, ஊசி எதற்கு?" கைக்குழந்தையோடு வரும் அம்மாக்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. நோய் ஒன்றுதான், ஆனால் இந்த இரண்டும் உடம்பில் காவல் நிற்கும் இடம் வேறு வேறு.

சொட்டு மருந்தில் இருப்பது வலுக்குறைத்த, உயிருள்ள வைரஸ். நாக்கில் விழும் இரண்டு சொட்டு குடலுக்குப் போய், நிஜத் தொற்று மாதிரியே அங்கே பெருகும். குடல் சுவர் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளைச் சுரக்கும். அப்புறம் காட்டு வைரஸே, அதாவது இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸே, வந்தாலும் அங்கே வேரூன்றுவது கடினம். மலம் வழியாக அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் பரவுவதும் குறையும். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டு வைரஸால் ஒரு குழந்தைகூட முடங்கவில்லை. அதில் பெரும்பங்கு சொட்டுக்குத்தான். ஒரே குறை, மிக அரிதாக அந்த வைரஸே உருமாறி வாதத்தை உண்டாக்கிவிடும்.

ஊசியில் செத்த வைரஸ், அதனால் அந்தப் பயம் அறவே இல்லை. ரத்தத்தில் எதிர்ப்பொருள் நிறைந்து, வைரஸ் நரம்பை எட்டவிடாது. குடல் காவல் மட்டும் பலவீனம்.

சரி, எது மேல்? என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டும். சொட்டு போட்டிருந்த குழந்தைகளுக்கு ஓர் ஊசியும் போட்டபோது குடல் எதிர்ப்பும் கூடியதை 2014-இல் வெளியான வேலூர் ஆய்வு காட்டியது. அரசு அட்டவணையில் 6, 14-ஆவது வாரங்களிலும் 9-ஆவது மாதத்திலும் தோலுக்குள் 0.1 மி.லி. போடுகிறார்கள். ஊசி போட்ட இடத்தில் சின்னதாக ஒரு தடிப்பு எழும். பயப்படாதீர்கள், மருந்து சரியான இடத்தில் இறங்கியதன் அடையாளம் அது.