கிளிப் உள்ள கர்லரா, கையுறையோடு வரும் கர்லரா?

சென்ற தை மாதம் உறவில் ஒரு திருமண வரவேற்புக்குக் கிளம்பும் அவசரத்தில், முடி சுருட்டும் கர்லரில் வலது கை ஆள்காட்டி விரலைச் சுட்டுக்கொண்டேன். சுட்டபோது வலித்ததைவிட, பந்தியில் சுடச்சுட ஊற்றிய ரசத்தைச் சோற்றோடு பிசைந்தபோது வலித்ததுதான் அதிகம். அடுத்த வாரமே கர்லரை மாற்றிவிட்டேன்.

சுட்டது கிளிப் இல்லாத கர்லர். கைப்பிடியிலிருந்து நீளும் வெறும் உலோக உருளை; முடிக்கற்றையை அதன்மேல் நாமே சுற்றி, நுனியை விரலால் பிடித்துக்கொண்டு பத்து விநாடி நிற்க வேண்டும். இப்போது வைத்திருப்பது கிளிப் உள்ள பழைய பாணி. நுனியைக் கிளிப் கவ்விக்கொள்ள, உருளையைத் திருப்பினால் முடி தானாகச் சுற்றிக்கொள்கிறது. விலை, மின்சாரச் செலவு இரண்டிலும் பெரிய வேறுபாடு இல்லை. சூடும் ஏறக்குறைய ஒன்றுதான்; இரண்டையும் 200 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றலாம். 70 டிகிரி வெந்நீரே ஒரு விநாடியில் தோலைப் புண்ணாக்கிவிடும் என்பதால், 160-இல் வைத்தால் பத்திரம் என்ற கணக்கு விரலுக்குப் பொருந்தாது. முடிக்கு வேண்டுமானால் அது நல்லது.

ஆகவே நான் பார்ப்பது ஒன்றைத்தான்: முடியின் கடைசி ஓர் அங்குலத்தை யார் பிடித்துக்கொள்கிறார்கள்? பாரிஸில் 1870-களில் மார்செல் கிராட்டோ என்ற சிகையலங்காரர் அலைமுடி போடப் பயன்படுத்திய இடுக்கியிலேயே முடியைப் பிடிப்பது இரும்பின் வேலை, விரலுக்குக் கைப்பிடி மட்டும்தான். இன்றைய கர்லரில் கிளிப்பை எடுத்துவிட்டு, அந்த வேலையை விரலிடம் ஒப்படைத்து, சமாதானத்துக்கு ஒரு கையுறையைப் பெட்டிக்குள் போட்டுத் தருகிறார்கள்.

கையுறை காக்காதா என்றால், காக்கும். ஆனால் எனக்கு வந்தது ஒன்றே ஒன்று. இடக்கையில் மாட்டிக்கொண்டு வலப்பக்க முடியை முடித்தேன். இடப்பக்கத்துக்குக் கர்லரைக் கை மாற்றியபோது, முடி சுற்றும் வேலை வெறும் வலக்கைக்கு வந்துவிட்டது. என் விரல் போனது அங்கேதான். அது மட்டுமல்ல, கையுறைக்குள் விரலுக்கு உணர்வு மங்கிவிடுகிறது; மெல்லிய கற்றை நழுவுகிறது; நான்காவது கற்றையில் சலித்துப்போய்க் கழற்றி வைக்கத் தோன்றுகிறது.

ஈரம் இன்னும் மோசம். ஈரமான பிடிதுணியால் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். காய்ந்த துணியில் இழைகளுக்கு நடுவே உள்ள காற்று சூட்டைத் தடுக்கும். அந்த இடத்தில் தண்ணீர் நிறைந்தால் சூடு நேரே கைக்கு வந்துவிடும், சில நேரம் ஆவியாகவே வரும். தலைக்குக் குளித்து அரைகுறையாக உலர்த்திய முடி, கையில் ஒட்டிய சீரம், புழுக்கத்தில் உள்ளங்கை வியர்வை எல்லாம் சேர்ந்து கையுறையை நனைத்துவிடும். அதனால் அதைத் துவைக்க வேண்டும், முழுதாகக் காயவைக்க வேண்டும், விரல் நுனி மெலிந்ததும் மாற்ற வேண்டும். இத்தனை பராமரிப்பு கேட்கும் பாதுகாப்பு, கிளம்புகிற அவசரத்தில் கைகொடுக்காது என்பதே என் அனுபவம்.

கிளிப் கர்லரும் சாது அல்ல. கட்டைவிரல் வைக்கும் இடத்தைத் தாண்டினால் கிளிப்பும் கொதிக்கும். உருளையின் முனையில் உள்ள பிளாஸ்டிக் குமிழைப் பிடித்துத் திருப்பலாம். ஆனால் அது குட்டையாக இருந்தால் விரல் உலோகத்தில் வழுக்கிவிடும். கடையில் நான் முதலில் பார்த்தது அதன் நீளத்தைத்தான்: இரண்டு விரல் தாராளமாக அடங்க வேண்டும். நுனியைச் சரியாகக் கவ்வாவிட்டால் முடியில் மடிப்புத் தடம் விழும். இடுப்புவரை முடி உள்ளவர்களுக்குச் சுற்றும்போது சிக்கலாம். என் முடி தோளளவுதான் என்பதையும் சேர்த்துக்கொண்டு படியுங்கள்.

பெட்டியில் சூடேற்றி முடியில் சுற்றிவைக்கும் ரோலர்களை ஓரகத்தி வீட்டில் இரண்டே முறை போட்டுப் பார்த்தேன். ஓரத்தைப் பிடித்து எடுத்தால் கை சுடவில்லை. பெட்டியிலிருந்து எடுத்ததும் ஆறத் தொடங்கிவிடுவதும் வசதிதான். இரண்டு முறையை வைத்து இதற்குமேல் சொல்வது நியாயமில்லை.

எதை வாங்கினாலும், சுட்டுக்கொண்டால் உடனே குழாயைத் திறந்து 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் விரலைக் காட்டுங்கள். பற்பசை, ஐஸ் கட்டி, மை எதுவும் வேண்டாம். நான் அன்று பற்பசைதான் தடவினேன், பிறகு கொப்புளத்தோடு ஒரு வாரம் பாத்திரம் கழுவினேன்.

பழைய கர்லரைத் தங்கை கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளுக்கு நீளமான முடி, பழகிய கை. "வலக்கைக்கும் ஒரு கையுறை வாங்கிக்கொள்" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.