அஞ்சாம் வகுப்பு வரை வீடா, பள்ளியா?

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்காமல் வீட்டிலேயே படிக்கவைக்கிறோம் என்று தெரிந்ததிலிருந்து, மூன்று நான்கு வயதுப் பிள்ளை வைத்திருக்கும் அம்மாக்கள் நிறையப் பேர் இதையே கேட்கிறார்கள். நான் வீட்டுப் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லா வீட்டுக்கும் இது ஒத்துவராது.

பள்ளிக்கூடத்தில் என்ன நல்லது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கூட்டாளிகள், நேர ஒழுங்கு, பெற்றோர் இருவரும் நிம்மதியாக வேலைக்குப் போகலாம். அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும், வாசிப்பிலும் கணக்கிலும் அடிப்படையை உறுதிசெய்யும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் இருக்கின்றன. தனியார் பள்ளியில் எல்கேஜியிலேயே கட்டணமும் வீட்டுப்பாடமும் வேன் நேரமும் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்ததுதான்.

வீட்டில் கிடைப்பது என்ன? ஒரு விஷயம் பிள்ளைக்குப் பிடிபடும்வரை அதிலேயே நிற்கலாம். என் மகளுக்கு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழப்பமாகவே இருந்தன. தாளில் எத்தனை முறை எழுதினாலும் அடுத்த நாள் மறந்துவிடும். நாங்கள் கோவையில் இருக்கிறோம், டவுன் பஸ்ஸில்தான் போவோம் வருவோம். ஒருநாள் காந்திபுரத்தில் நிற்கும்போது ஒரு பஸ்ஸில் செல்வபுரம், அடுத்ததில் சேரன் மாநகர். செ, சே, செ, சே என்று அவளே சொல்லிப் பார்த்துவிட்டு, “இதுல சுழி மேல போகுதும்மா, அதான் நீளமா சொல்றோம்” என்றாள். அதன்பிறகு ரொம்ப நாளுக்கு வேறு எந்தப் பாடமும் இல்லை, பஸ் போர்டு, கடைப் பலகை, ரேஷன் கடை விலைப்பட்டியல் என்று கொம்பு தேடுவதுதான் வேலை. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் எந்த ஆசிரியரும் ஒரு பிள்ளைக்காக இப்படி நிற்க முடியாது, அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை. கணக்கும் அப்படித்தான் போகிறது. இட்லிக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, பாதி மாவு போதும் என்றால் எவ்வளவு என்று அவள்தான் அளந்து போடுவாள். புத்தகம் வேண்டுமென்றால் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதனால் பாடத்துக்குப் பஞ்சமில்லை, செலவும் இல்லை.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. இந்த ஒன்றை வைத்துத்தான் பள்ளியா வீடா என்று முடிவு செய்ய வேண்டும் என்பேன்: பகல் முழுக்கப் பிள்ளையோடு இருக்க, மனசோடு இருக்க, வீட்டில் ஒரு பெரியவர் உண்டா? ஏழு வயதுக்குள் உட்கார்ந்து படிப்பது ஒன்றரை மணி நேரம் இருந்தால் அதிகம், அதைப் பார்த்துவிட்டு “இவ்வளவுதானா” என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மீதி நேரம் அவள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லவும், கொட்டியதை அள்ளவும், சலிப்பாக இருக்கிறது என்று அழும்போது போனைக் கையில் கொடுக்காமல் சமாளிக்கவும் ஆள் வேண்டும். நான் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே சில கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். மாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும், அந்த நாட்களில் என்னால் அவளோடு உட்கார முடியாது. என் மாமியார் இருப்பதால் ஓடுகிறது, அத்தை இல்லையென்றால் இந்த ஏற்பாடே கிடையாது. கணவருக்கு ஷிப்ட் வேலை, பகலில் வீட்டில் இருக்கும் வாரங்களில் விளையாட்டும் சைக்கிளும் அவர் பொறுப்பு. பள்ளிக் கட்டணம் மிச்சம்தானே என்று சொல்பவர்கள் நான் விட்ட சம்பளத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் வீட்டில் அதுதான் கட்டணம், மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறோம். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், சாயங்காலம் வந்து சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்க வேண்டாம். பக்கத்தில் நல்ல அரசுப் பள்ளி இருந்தால் அதுவே மேல்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கல்வியை உரிமை ஆக்கியிருக்கிறது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்றும் சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை, வீட்டுக்கல்வி என்ற பேச்சே இல்லை. இதுவரை பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் நேரடியாகச் சேர்க்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. நாங்கள் நம்பியிருப்பது அதைத்தான்.

ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. அதனால் தொடக்கப் பள்ளி வயதை வீட்டில் கழிப்பதால் இவற்றில் எதுவும் கைவிட்டுப் போகாது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் இருக்கும் 20 சதவீத இடம் வேறு, அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே சான்று கேட்பார்கள். நடுவில் நேரடியாகச் சேரப்போகும் எங்கள் மகளுக்கு அந்தக் கதவு திறந்திருக்குமா என்பது உறுதியில்லை, அது தெரிந்தேதான் இறங்கினோம்.

பத்தாம் வகுப்பு வரை வீட்டிலேயே என்று போகிறவர்களும் உண்டு. 14 வயது ஆனால் என்.ஐ.ஓ.எஸ். (தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்) மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், ஐந்து பாடம் போதும். அந்த வழியில் நான் போனதில்லை, அதனால் அறிவுரை சொல்ல மாட்டேன். கூட்டாளிகள் விஷயத்திலும் முழு தைரியம் எனக்கு வரவில்லை. தெருவில் சாயங்காலம் பிள்ளைகள் இருக்கிறார்கள், விளையாடுகிறாள், இந்த வயதுக்கு அது போதும்போலத் தெரிகிறது. பத்து வயதில் போதுமா என்பது அப்போதுதான் தெரியும்.

இப்போது யூகேஜி முடிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், மே மாதம் முழுக்க ஒரு தடவை செய்து பாருங்கள். உறவுக்காரர் வீட்டுக்கெல்லாம் போகாமல், காலையில் படிப்பு, மீதி நேரம் உங்களோடு. உங்களுக்கு முடியவில்லை என்றால் ஜூனில் பள்ளி திறந்ததும் சேர்த்துவிடலாம், கொஞ்சம் தாமதமாகப் போய் நின்றாலும் அரசுப் பள்ளியில் இடம் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது.